முப்பத்திரண்டு டிகிரி

தோல் முப்பத்திரண்டு டிகிரிக்கு வரவேண்டும்.
நொவீனாவில், ஆறாம் மாடியில்,
எங்கள் அறையின் ஏர்கான் யார் சொல்லும் கேட்காது.
குளிர்ந்த கை பொய் சொல்லும்.
நன்றாயிருக்கும் நரம்பும்
தாமதமாய் வந்ததாகக் கணக்குக் காட்டும்.
அதனால் சூட்டுப் பையைச் சுற்றிவிட்டுக்
காத்திருக்கிறோம், நானும் குணசீலனும்.

துவாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
உயரத்தில் அல்ல இப்போது;
திரைமுன் உட்கார்ந்து, நாற்பது டன் பெட்டியைக்
கட்டைவிரலால் இறக்குகிறார்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
கோப்பிப் பை விரலிலிருந்து நழுவியது.
சூடு என்று நினைத்தாராம்.
பிறகு வீட்டுச் சாவி திரும்பவில்லை.
பூட்டை மாற்றினார், அறுபது வெள்ளி.
பூட்டில் ஒன்றுமில்லை.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
ஒரு கரண்டி அள்ளியெடுத்த தயிர் போலப் பள்ளம்.
அதன் ஓரத்தில் ஏதோ சுண்டுகிறது.
சுண்டுவது அவர் அல்ல.

"அதுவா இது?" என்கிறார்.
மூன்று ஆங்கில எழுத்துகளை
இரவெல்லாம் கைப்பேசியில் படித்தவர்
'அது' என்று மட்டும் சொல்கிறார்.
என் பெயரட்டையில் மங்களேஸ்வரி என்றிருக்கிறது.
இல்லாவிட்டால் ஆங்கிலத்தில்
தைரியமாகவே இருந்திருப்பார்.

நான் அளப்பவள். சொல்பவள் அல்ல.

காலையில் திருமதி ஓங் வந்திருந்தார்.
அவர் கையிலும் இதே நீலப் பேனாவால்
இதே இடங்களில் புள்ளி வைத்தேன்.
தேடினேன், அடைப்பு ஒன்று அகப்படாதா என்று.
பிழை கிடைக்க வேண்டிக்கொள்ளும் வேலை
வேறெங்கே இருக்கிறது, தெரியவில்லை.
எங்கே தொட்டாலும் அலை
ஒரே அளவில் சிறியதாய் வந்தது.
பிறகு டாக்டர் லிம் ஊசியை இறக்க,
ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம்.
தகரக் கூரையில் மழை என்று நினைத்துக்கொள்
என்றார்கள் பயிற்சியில்.
பதினான்காம் மாடியில் வளர்ந்தவளுக்கு ஏது தகரக் கூரை?
எனக்கு அது, பேருந்து வராத நிறுத்தத்தில் மழை.

முப்பத்திரண்டு புள்ளி ஒன்று.
தொடங்கலாம்.

மணிக்கட்டில் மின்சாரம்.
சுண்டுவிரல் குதிக்கிறது.
"நான் அசைக்கவில்லை" என்கிறார்,
குற்றம் சாட்டப்பட்டவர் போல.
திரையில் அலை எட்டு மில்லிவோல்ட்.
முழங்கைக்குக் கீழே வைக்கிறேன்.
மூன்று.

மூச்சை அடக்கிக்கொண்டு
முதலில் என்னைத்தான் சந்தேகிக்கிறேன்.
மின்சாரத்தைக் கூட்டுகிறேன். மூன்று.
எலக்ட்ரோடைப் பிய்த்துப் புதிதாய் ஒட்டுகிறேன். மூன்று.
சிலருக்கு முன்கையில்
ஒரு நரம்பு அடுத்ததற்குக் கிளை கடன் கொடுத்திருக்கும்;
அதையும் பார்த்தாகிவிட்டது. இல்லை.
உணர்வு நரம்போ அதே வழியில்
ஒன்றும் நடக்காதது போல வந்து சேருகிறது.

தண்டுவடத்தில் செல் செத்தால்
வழி நெடுகிலும் இழப்பு ஒரே மாதிரி.
இங்கே செய்தி முழங்கையில் முழுதாய்ப் புறப்பட்டு
பாதி வழியில் யாராலோ மறிக்கப்படுகிறது.
மறிப்பவனை விலக்க மருந்துண்டு.
விலை பயங்கரம், மாதாமாதம் ஏற்றவேண்டும்.
இருந்தாலும், உண்டு.
இருக்கலாம்.
டாக்டர் இன்னும் பார்க்கவில்லை.

"பார்த்தீங்கல்ல?" என்கிறார்.
"டாக்டர் சொல்வார்."
திருமதி ஓங்கிடம் சொன்ன அதே குரலில் சொன்னேன்.
ஏழு வருடம் பழக்கிய குரல்,
நல்லதும் கெட்டதும் அதில் கசியாது.
இன்று மட்டும்
அது கொஞ்சம் கசிந்தால்தான் என்ன என்றிருந்தது.

நீலப் புள்ளிகளைத் துடைத்துவிட்டேன்.
முழங்கைக்குக் கீழே ஒன்று போகவில்லை.
சட்டைப் பொத்தானோடு
அவர் வெகுநேரம் போராடினார்.
உதவவில்லை நான்.
கடைசிப் பொத்தான் துளைக்குள் போனதும்
சூட்டுப் பையை எடுத்து
அடுத்த கைக்காக
மறுபடி சூடேற்ற வைத்தேன்.