பெட்டி எண் பதினேழு

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி.
விலங்கியல் துறை, மூன்றாம் மாடி,
ஃபேன் சுற்றாத அறை.
நாற்பத்தாறு பெட்டிகளில் குத்தி வைத்ததையெல்லாம்
கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.
நாளுக்கு ஐந்நூறு ரூபாய்.

கட்டங்களுக்குத் தலைப்பு முன்பே இருந்தது:
தொகுதி. வகுப்பு. வரிசை. குடும்பம்.
பேரினம். சிற்றினம்.

போன வாரம்தான்
தம்பியின் உதவித்தொகைக்கு
ஒன்றரை மணி நேர வரிசையில் நின்று
இதே சொற்களுக்கு எதிரே எழுதினேன்.
தொகுதி, திருப்பரங்குன்றம்.
குடும்பம், நான்கு பேர்.
வகுப்பு என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

இங்கே நிற்க வேண்டியதில்லை.
தொகுதி, கணுக்காலிகள். எல்லாருக்கும் அதேதான்.
வகுப்புக்குக் காலை எண்ணினால் போதும்.
ஆறென்றால் பூச்சி.
எட்டென்றால் தேள், சிலந்தி, உண்ணி,
மழை விட்ட மறுநாள்
கண்மாய்க் கரையில் ஊரும் சிவப்புப் பட்டு.
எண்ணி மாளவில்லையா, மரவட்டை.

வீட்டுப் பேச்சை நம்பினால் வேலை கெடும்.
சில்வண்டு வண்டு இல்லை.
வெட்டுக்கிளி கிளி இல்லை.
வண்டென்று சொல்லாத மின்மினிதான் வண்டு.
கரையானுக்குக் கரப்பான் பங்காளி.
பூரானைவிட நண்டுதான்
பூச்சிக்குக் கிட்டத்துச் சொந்தமாம்;
ஞாயிற்றுக்கிழமை
குழம்பை உறிஞ்சும்போது யோசித்தேன்.
ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்கிறோமே,
ஒரு கால்கூட இல்லாததை,
பயத்துக்கு அது எந்த வரிசை?

பதினேழாம் பெட்டியில் ஊசிகள் நின்றன.
ஊசிக்கு ஊசி ஒரு சீட்டு.
'வலையங்குளம், மல்லிகை மொட்டு, 9-3-1988.
சேகரித்தவர் ஆ. பொன்னுரங்கம்.'
ஊசியில் ஒன்றுமில்லை.
'கீழக்குயில்குடி, பாறை இடுக்கு.'
ஒரு தொடை மட்டும்.
'வண்டியூர்க் கண்மாய், இரவு, விளக்கடி.'
சீட்டின் மேல் காபித்தூள்.

ஊதினேன்.
தூளில் ஒரு துளி நகர்ந்தது.

அரிசியைவிடச் சின்னது. பழுப்பு.
உடம்பெல்லாம் மயிர்.
அதன் ஆட்கள் கழற்றிப் போட்ட சட்டைகள்
மூலை மூலையாகக் கிடந்தன.
அந்துப்பூச்சி, தும்பி, குளவி,
எதையும் பிரித்துப் பார்க்காமல்
தின்றிருக்கிறது பரம்பரையே.
இது வண்டின் புழு.
வண்டையும் விடவில்லை.

துறைக்குப் போன் போட்டேன்.
'காலின்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கம்மா.'

போகவில்லை.
புழுவை எடுத்து ஸ்பிரிட் குப்பியில் விட்டேன்.
கொஞ்ச நேரம் மடங்கியது, நிமிர்ந்தது.
புது வரி ஒன்று திறந்து அடித்தேன்.
வகுப்பு: பூச்சிகள்.
வரிசை: வண்டுகள்.
கிடைத்த இடம்: பெட்டி எண் பதினேழு.
உணவு: பெட்டி எண் பதினேழு.
சேகரித்தவர்: வீ. அங்காள ஈஸ்வரி.

பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தேன்.
ரெண்டு முறை.

மூடியைச் சாத்தும்போது இன்னொன்று
வலையங்குளத்துச் சீட்டின் ஓரத்தில் இருந்தது.
மொட்டைத் தாண்டி,
'சேகரித்தவர்' வரை வந்துவிட்டது.

அதற்கு எண் போடவில்லை.
ஐந்தரைக்கு பஸ்.