இருநூறு

எங்கள் மில்லில் மூட்டை எண்ணுவது நான்தான்.
நாலு கோடு நிமிர்த்திக் கீறி
ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு.
இருபத்தொரு வருசத்தில் ஒரு மூட்டை பிசகினதில்லை
என்று முதலாளி வெளியாட்களிடம் சொல்வார்.

அதே கை
மண்ணிறப் பம்மை எண்ணவில்லை.

காலையில் இரண்டு, இரவில் இரண்டு.
குலுக்கினால் உள்ளே ஏதோ அலம்பியது.
அமத்தினால் புஸ்ஸென்றது.
குழாய்க்குள் வெள்ளையாய் ஒன்று சுழன்றது.
அஸீலா வாயைப் பொத்தி
ஐந்து மூச்சு இழுத்துவிட்டு
முடிந்தது என்று கண்ணால் காட்டுவாள்.
போதாதா எங்களுக்கு?

பெரும்போக வெட்டு முடிந்து
கல்லரிச்சல் பக்கம் வைக்கோல் எரித்த இரவு
அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.
கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.
நீலப் பம் அடித்தோம், திரும்பவும் அடித்தோம்.
வாப்பா என்ற சொல்லை
வா என்றும் பா என்றும்
இரண்டு சுமையாகத்தான் அவளால் தூக்க முடிந்தது.

பைக்கில் நடுவே பிள்ளை, பின்னால் பஜ்ரியா.
சம்மாந்துறை ஆசுபத்திரி வாசலில்
ஸ்டாண்ட் போட மறந்தேன்.
விடியும்வரை அது அங்கேயே விழுந்து கிடந்தது.

மூன்று தரம் மருந்துப் புகை பிடித்த பிறகு
மிஸ்ஸி எங்கள் பம்மை வாங்கிக் குலுக்கினார்.
கிளினிக் கொப்பியில் திகதி பார்த்தார்.
விரல் மடக்கினார்.
"இதுக்குள்ள இருநூறுதான்.
மருந்து முடிஞ்சாலும் இது ஊதும்.
பதினெட்டு நாளா நீங்க புள்ளைக்குக்
காத்துத்தான் குடுத்திரிக்கீங்க."

ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது மில் தந்த கலண்டரில்
தாளுக்குத் தாள் அவள் கணக்கு.
வேலை விட்டு வந்தால் வாசல் பைப்பில் குளித்து
உமித் தூசிச் சேட்டை வெளிக்கொடியில் போட்டுத்தான்
அவளைத் தூக்குவேன்.
நூற்றெண்பதில் ஒரு சிவப்பு வட்டம்,
அது பாமசிக்குப் போகிற நாள்.
சம்பளத்துக்கு முன் வந்துவிட்டால் கடன்.
அந்தக் கோடு வேறு கொப்பியில்.

வேலிக்கு அங்கால் இருந்து மச்சி கேட்கிறா:
"நல்லாத்தானே ஓடித் திரியுது,
இன்னும் என்னத்துக்கு இந்தப் பம்?"
"பம்மாலதான் மச்சி ஓடித் திரியுது"
என்கிறாள் பஜ்ரியா,
கழுவிய குழாயைத் துடைக்காமல்
காயக் கவிழ்த்துக்கொண்டே.

இன்றிரவு குறுக்குக் கோடு விழும் முறை.
வாய் கொப்பளித்து வாழையடியில் துப்பிவிட்டு
தானே கீறுவேன் என்று பேனையைப் பறித்தாள்.
கோடு கலண்டரைத் தாண்டி
போன நோன்புக்கு அடித்த சுவர் பெயின்றில் ஏறி
சுவிச்சுக்குக் கிட்டப் போய் நின்றது.

உம்மா அகப்பையோடு வருகிறாள்.
இவள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்து
ஒரே மூச்சாய்ச் சிரிக்கிறாள்.

நூற்றறுபது.