வாணியம்பாடியிலிருந்து அணைக்கட்டு வரை

இருநூற்றேழாம் அறைக்கு அசன்சோலிலிருந்து
வந்தவர்கள் மூன்று பேர்.
காலி செய்து போனவர்கள் இரண்டு பேர்.
கட்டிலுக்கடியில் காற்று மெத்தை கிடந்தது.
கருநீலம். இரட்டை அகலம்.
மூலையில் மஞ்சள் கறை, மருந்தோ குழம்போ.
போன் போட்டேன்.
வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தம்மா, இந்தியில்.
அதற்கு மேல் பேச எனக்கு இந்தி போதாது.

பாபு ராவ் தெரு லாட்ஜில் நான் இரவு ரிசப்ஷன்.
இம்தியாசுக்குச் சைதாப்பேட்டையில் பஞ்சர் கடை.
மெத்தையை இரண்டு தட்டுத் தட்டி
'இது மிதக்கும்டா' என்றான்.
வேறு ஒரு காரணமும் கிடையாது.

ஸ்கேன் பில்லின் பின்பக்கம் பாலாற்றை வரைந்தான்.
வாணியம்பாடியில் ஏறுகிறோம்,
வாலாஜா அணைக்கட்டில் இறங்குகிறோம்.
மூன்று இரவு, நான்கு பகல்.
ஆம்பூரில் மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும்,
நுரையில் காலை விடக் கூடாது.
பிரியாணிக்கு ஒருத்தன் கரையேறலாம்,
அது தானென்று அப்போதே சொல்லிவிட்டான்.
மாதனூருக்கப்பால் சீமைக்கருவேலம்.
ஒரு முள் போதும்.
ரப்பர், சொல்யூஷன், உப்புத்தாள் அவன் பொறுப்பு.
மணல் அள்ளிய பள்ளம் எங்கெங்கே என்று
லாரி ஓட்டும் அவன் மாமாவுக்குத் தெரியும்,
சொல்ல மாட்டார்.

இரண்டாம் இரவு பள்ளிகொண்டா.
பாம்பணையில் ஒருவர்
ஆற்றை மறித்துப் படுத்த ஊர்.
நாம் மறிக்கவா போகிறோம்,
படுத்தபடியே கடக்கத்தானே, விடுவார் என்றேன்.

என் எடை எழுபத்தொன்று, அவன் ஐம்பத்தெட்டு.
குடிக்க இருபது லிட்டர் கேன்.
ஆற்றில் போகிறவனுக்குத் தண்ணீர்தான்
எல்லாவற்றையும்விடப் பெரிய சுமை.
துடுப்புக்கு லாட்ஜின் மாப்புக் கட்டைகள்.
சித்தி செத்துவிட்டதாக முதலாளியிடம் சொல்ல ஏற்பாடு.
சித்தியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.
எந்த வாரம் என்று மட்டும் கேட்டாள்.

அதைத்தான் எங்களால் சொல்ல முடியவில்லை.
பாலத்திலிருந்து பார்த்தால்
ஆற்றின் நடுவே டாஸ் போடுகிறார்கள்.

புரட்டாசியில் ஒத்திகை.
காட்பாடிப் பாலத்துக்குக் கீழே மணலில் விரித்தோம்.
அதுவரை மெத்தையை மடித்ததில்லை, அதில்
பழைய காற்று பாதி இருந்தது.
தினமும் வாயால்தான் ஊதுவார் அந்தம்மா,
பம்ப் கிடையாது என்று
அறை பெருக்கும் பூங்காவனம் சொல்லியிருந்தாள்.
இம்தியாஸ் வால்வைத் திறக்கக் குனிந்தான்.
'இரு' என்றேன்.
ஏன் என்று கேட்டான். சொல்லத் தெரியவில்லை.
இருந்ததன் மேலேயே அடித்தான்.
சோப்புத் தண்ணீர் தடவி
இரண்டு ஓட்டை கண்டுபிடித்து ஒட்டினான்.
மல்லாந்து படுத்தோம்.
தலைக்கு மேல் பாலத்தில் லாரிகள்.
'நகருதா?'
'விரிஞ்சிபுரம் தாண்டியாச்சு.'
விடியும்வரை எங்கேயும் ஒதுங்கவில்லை.

ஐப்பசியில் இருநூற்றேழுக்கு அகர்தலாக்காரர்கள்.
பன்னிரண்டு வயதுப் பெண் கட்டிலில்,
வெறும் தரையில் அம்மா, துப்பட்டாவை விரித்து.
மெத்தையை நான்தான் தூக்கிப்போய்க் கொடுத்தேன்.
மறுநாள் பார்த்தால் அம்மா கட்டிலில்,
பெண் மெத்தையில்.
படகு என்று சைகை காட்டியது.

நேற்று ராத்திரி இரண்டேகாலுக்கு இம்தியாஸ்.
'புல்லூர் வழியுதுடா. மாமா வீடியோ அனுப்பியிருக்கார்.'
பின்னால் அவன் பைக் உறுமிக்கொண்டிருந்தது.
மாடியேறி
இருநூற்றேழின் வாசலில் செருப்பைக் கழற்றி நின்றேன்.
உள்ளே யாரோ புரண்டார்கள்,
மெத்தை கிறீச்சென்றது.
இம்தியாஸ் போட்ட ஒட்டு தாங்குகிறது.

லாட்ஜ் பதிவேட்டில்
எத்தனை நாள் தங்கல் என்று ஒரு கட்டம் உண்டு.
அவர்கள் அதை நிரப்பவில்லை.
நான் நிரப்பச் சொல்லவுமில்லை.

கீழே வந்து போனை எடுத்து
தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்றேன்.
'அத யார்டா சொல்றது.'
கொஞ்ச நேரம் பைக் மட்டும் பேசியது.
பிறகு,
'கடையில லாரி டியூப் ரெண்டு இருக்கு.
உக்காந்துக்கலாம்.
படுக்கத்தான் முடியாது.'