எண்பத்தேழு டிகிரி

ஐரோப்பியச் செய்முறைத் தாளில்
நூறு டிகிரி என்று போட்டிருக்கிறது.
பூனோவில் எந்தத் தண்ணீரும் அவ்வளவு தூரம் போகாது.
ஏரியே மேகத்துக்குப் பக்கத்து வீடு;
எண்பத்தேழிலேயே கொதித்துத் தளும்பிவிடும்.
அதனால் காத்திருக்கிறேன்,
தாளில் இல்லாத இருபது நிமிடம்.

மஞ்சள் வெளுக்கிறது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாத நிறம்.
பிறகு மை விழுந்தது போல ஒரு கருக்கல்
(ஒவ்வொரு முறையும் கெட்டது என்றே நினைக்கிறேன்).
பிறகு சிவப்பு.

தம்பி வில்பெர் எட்டிப் பார்த்தான்.
"தங்கம் எங்கே?"
"இதுதான்."
"இது பீட்ரூட் கழுவிய தண்ணீர்."
மின்னுவதெல்லாம் பொன்னல்ல.
பொன்னெல்லாம் மின்னுவதுமில்லை,
ஒரு மயிரிழையின் குறுக்கே
நாலாயிரம் துகளை வரிசையில் நிறுத்தலாம்
என்கிற அளவுக்குப் பொடியாகிவிட்டால்.

அவனுக்குத் தெரிந்த தங்கம் வேறு.
மலைக்குள் முப்பது நாள் கூலி கிடையாது.
முப்பத்தொன்றாம் நாள்
தோள் தாங்குகிற கல் அவனுக்கு.
உள்ளே என்ன என்பது கல்லுக்கே வெளிச்சம்.
பாதரசம் விட்டுப் பிசைந்து, எரித்து,
சில மாதம் ஒரு குன்றிமணி.
பல மாதம் கல்.

என் தங்கம் ஜெர்மனியிலிருந்து வருகிறது,
பழுப்புக் குப்பியில், உப்பாக, ஒரே ஒரு கிராம்.
இந்த மலையிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.
சுங்கத் தாளுக்கு அதெல்லாம் ஞாபகமில்லை.

மீதிப் பாதி எவுசெபியோ கல்சினாவின் மந்தையில் மேய்கிறது.
சாஸ்கா, வெள்ளை அல்பாக்கா.
கழுத்தில் ஊசி இறங்கியதும்
குறி தப்பாமல் என் கண்ணாடியில் துப்புவாள்.
கல்லீரல் புழுவின் எச்சிலை
ஆறு வாரம் அவளுக்கு அறிமுகம் செய்தோம்;
அவள் ரத்தம் அதை மறப்பதாயில்லை.
நம் எதிர்ப்பொருளைவிட அவளுடையது குட்டை,
ஒரு சங்கிலி குறைவு.
குறைந்ததனாலேயே இடுக்கில் நுழைகிற கை.

இரண்டையும் ஒரே குழாயில் விட்டு அரைமணி.
பசையில்லை, ஆணியில்லை.
புரதம் தானே போய்ப் பொன்மேல் சாய்ந்துகொள்ளும்.
சேர்ந்ததா என்று பார்க்க
உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும்:
போர்வை போதாத துகள்கள்
ஒன்றையொன்று கட்டிப்பிடித்து நீலமாகிச் சாகும்.
மூன்று மாதம் எல்லாக் குழாயும் நீலம்.
காரத்தை ஒரு சொட்டுக் கூட்டினேன்.
நேற்று உப்பு விழுந்தது.
சிவப்பு அசையவில்லை.

வலது விலா வலிக்கிறதென்றுதான் அவன் மலையிறங்கி வந்தான்.
சுமை தூக்கிய வலி என்று நினைத்திருந்தான்.
பெயர் தெரியாத ரத்தத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி.
அவன் அதற்குள் விரலை நீட்டிவிட்டான்.

ஒரு சொட்டு.
தாள்பட்டைக்குள் ஈரம் ஊர்ந்தது,
சுரங்கத்தில் தலைவிளக்கு போவது மாதிரி.
ஒரு கோடு, தயங்கித் தயங்கி.
அப்புறம் இன்னொன்று.

நான் பட்டையைப் படித்தேன்.
அவன் என்னைப் படித்தான்.

"எவ்வளவு இருக்கும்?"
"புழுவா?"
"தங்கம்."
சொன்னால் எந்தத் தராசும் நம்பாது என்றேன்.
சிரித்தான், விலாவைப் பிடித்துக்கொண்டு.
பதினாலு வருஷத்தில்
முதல் தோண்டலிலேயே கிடைத்தது இதுதானாம்.
ஆஸ்பத்திரியிலும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன்.
உறுதியானால் மாத்திரை, இரண்டே வேளை.
தலையாட்டிக்கொண்டே,
தூக்க முடிந்தது தனக்கென்று
பட்டையைச் சட்டைப் பையில் போட்டான்.

இடுக்கியால் திரும்ப எடுத்து
மஞ்சள் தொட்டியில் இட்டேன்.
ரத்தம் பட்ட எதுவும்
இங்கிருந்து வெளியே போகக் கூடாது.

அந்தச் சட்டம் மேலே இருந்தால், என்றான் வில்பெர்,
மலையிலிருந்து ஒரு குன்றிமணி இறங்காது.