எச்சில், எண் நாற்பத்தேழு

துப்பச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள்.
"ஊரெல்லாம் துப்பாதேன்னு எழுதி வெச்சிருக்கு,
நீ குப்பியோட வந்து நிக்கிற."
காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஆலை.
ஜூன் மாதம், காலை ஷிப்டுக்கு முன்.
ஒரு மணி நேரம் எதையும் மெல்லாமல்
ஐந்து நிமிடம் ஊறவிட்டு
தானாக வழியவிட வேண்டும். காறக் கூடாது.

ஊறவில்லை.
பெங்களூரா வாசனைக்குள் பத்து மணி நேரம் நிற்பவர்களுக்கு
மாம்பழம் ஒரு எடை, அவ்வளவுதான்.
"புளியங்காயை நெனைச்சுக்கோங்க" என்றேன்.
பேரைச் சொன்னதற்கே முகம் சுளித்தார் பைரம்மா.
அவர் குப்பிதான் முதலில் நிறைந்தது.

"பொகையில போடுவீங்களா?"
"இல்ல."
டிக் அடித்தேன். பின்னால் அறுபது பேர் நின்றிருந்தார்கள்.

வெட்டு மேசையில் அவருக்கு வேலை.
ஒரு பழத்தைப் பிளந்து கொட்டையைக் காட்டினார்.
உள்ளே கறுத்த வண்டு. தோலில் ஒரு கீறல் இல்லை.
"பிஞ்சுலயே பூந்துடும். அப்புறம் மேல ஆறிப்போயிடும்."
இதை உவமையாக்கக் கூடாதென்று
அன்றிரவே நோட்டில் எழுதிவைத்தேன்.
வண்டு வெளியே இருந்து வருவது.
நான் தேடுவது அவரவர் செல்,
அவரவர் வீட்டுக்காரர் போலப் பேசிக்கொண்டிருப்பது.

இருபத்திரண்டு எழுத்து நீளத்தில் ஒரு துணுக்கு ஆர்.என்.ஏ.
புண் கண்ணுக்குத் தெரியுமுன்
எச்சிலில் அது கூடுகிறதா?
நான்கு வருடமாக இதுதான் என் கேள்வி.
கல்யாணமாகி வந்த வீட்டில்
"எச்சில் டாக்டர்" என்று பெயர்.

மைனஸ் எண்பதில் குப்பிகள் உறங்கின.
மின்சாரம் போன இரவுகளில்
ஜெனரேட்டர் இருமும் வரை
கையைக் கட்டிக்கொண்டு உறைபெட்டி முன் நின்றேன்,
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவரைப் போல.

வரைபடத்தில் இரண்டு கூட்டம் வந்தது.
மேலே நோயாளிகள். கீழே நலமானவர்கள்.
நலமானவர்களில் ஒரு புள்ளி மட்டும்
மேலே போய் உட்கார்ந்திருந்தது.
மூன்று முறை திரும்ப ஓட்டினேன்.
மூன்று முறையும் அங்கேயே.

"அதை எடுத்துடும்மா," என்றார் வழிகாட்டி,
கெட்ட மனிதர் அல்ல,
"கோடு சுத்தமா வரும்."
வரும்தான்.
எண்ணுக்குள் பெயர் இருக்கிறது,
பெயர் பீரோவில் இருக்கிறது,
பீரோவைத் திறக்க நெறிமுறைக் குழுவின் கையெழுத்து வேண்டும்.
கடிதம் எழுதினேன்.
ஒன்பது நாள்.

அதற்குள் சீசன் முடிந்து ஆலை பூட்டியிருந்தது.
வாட்ச்மேனுக்கு ஊர் மட்டும் தெரியும்: வேப்பனப்பள்ளி பக்கம்.
அங்கே போனால் ஓசூர் என்றார்கள், ரோஜாக் கொட்டகை.
பிளாஸ்டிக் கூரைக்கடியில், முள் எடுக்கும் கையுறையோடு,
என்னை அடையாளம் தெரியாமல் நிமிர்ந்தார்.
பிறகு, "புளியங்கா!" என்றார்.

வாயைத் திறக்கச் சொன்னேன்.
கறை படிந்த பல்வரிசை, எங்கள் ஊர்த் தண்ணீரின் கையெழுத்து.
மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.
டார்ச் அடித்து நாக்கடி பார்த்தேன்,
கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம்.
வெள்ளை இல்லை. சிவப்பு இல்லை. தடிப்பு இல்லை.

"என்ன இருக்கு?"
"ஒண்ணும் இல்ல."
"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்த?"
"ஒண்ணும் இல்லாதப்பவே வரணும்னுதான்."

சொன்ன பிறகு எனக்கே அது
பாடப்புத்தகம் போலக் கேட்டது.
என் துணுக்கு பொய் சொல்லியிருக்கலாம்.
ஒரு எண் மனிதரை வீணாகப் பயமுறுத்தும்,
அதையும் சொன்னேன், எனக்குத் தெரிந்த தமிழில்.

அவர் கையுறையைக் கழற்றினார்.
"அன்னிக்கு இல்லேன்னேன்.
மத்தியானம் பசி தெரியாம இருக்க
ஒரு துளி அடக்கிக்குவேன்.
சூப்பர்வைசர் பக்கத்துல நின்னான்."

என் டிக் ஞாபகம் வந்தது.
அதன் வால் நீளமாக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, வாய்ப் பிரிவு.
சீட்டில் தேதி எழுதினேன்.
அவர் தேதியைப் பார்க்கவில்லை,
விரலில் எண்ணிக்கொண்டிருந்தார்:
போக வர பஸ், அரை நாள் கூலி.

"ஞாயித்துக்கெழம உண்டா?"

இல்லை என்று அவருக்கும் தெரியும்.
பேனா மூடியைத் திறந்துகொண்டே நின்றேன்.