உயிரோடு இருப்பதற்கான கடிதம்

வருஷத்துக்கொரு முறை
நான் சாகவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.
மறுமணம் முடிக்கவில்லை என்றும்.
கிராம சேவகர் சிங்களத்தில் நிரப்புவார்,
நான் தமிழில் ஒப்பம் வைப்பேன்: சித்தி ஜெஸீமா.
போன வருஷத்து ஒப்பத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள்.
இருபத்திமூன்று வருஷமாக
ஒரே பக்கம்தான் கோணுகிறது.

துவான் மிஹ்லார் பொங்ஸோ
பட்டாளத்துக்கென்று பிறந்தவரல்ல.
புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை.
மைசூர்ப் பருப்பு, சீனி, செத்தல் மிளகாய்.
மிளகாய் மூட்டை இறக்கிய நாளில்
மூன்று தரம் சோப்புப் போட்டும்
பிள்ளையைத் தொடமாட்டார்.
லொறி வராத நாளில் கூலி இல்லை.
பேப்பரில் விளம்பரம் வந்தது:
சம்பளம், சாப்பாடு, சப்பாத்து.
சப்பாத்தை இரண்டு தரம் வாசித்தார்.

மாமி மலாயில் அழுதார்,
நான் தமிழில் சண்டை பிடித்தேன்,
அவர் சிங்களத்தில் படிவம் நிரப்பினார்.
கொம்பனித்தெருவில் ஒரே அறைக்குள் இதெல்லாம் நடக்கும்.
ரயில் போகும்போது மட்டும்
எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

ஒருமுறை லீவில் வந்திருந்தார்.
பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிய மகனை அதட்டினேன்,
எனக்குத் தெரிந்த மொழியில்.
சோதனைச் சாவடியில் என்னை மட்டும் இறக்கினார்கள்.
அவர் சாரத்தோடு இறங்கி வந்து அட்டையைக் காட்டினார்.
பையன் விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.
எனக்கல்ல.
வீடு வரும்வரை அவர் பேசவில்லை. பிறகு,
"அவனுக்குப் பதினெட்டும் ஈக்காது" என்றார்.
அவ்வளவுதான்.

பெட்டி வந்தது ஒரு செவ்வாய், அஸருக்குப் பிறகு.
ஆணி அறைந்திருந்தது.
ஹனூன் லெப்பை இரண்டு வாளித் தண்ணீரோடு நின்றார்,
இலந்தை இலையும் கற்பூரமும் போட்டு.
கபன் துணி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் இருந்தது.
திறக்கக் கூடாது என்றார் கூட வந்த அதிகாரி.
குளிப்பாட்டாமல் எப்படி என்றார் லெப்பை.
அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார்,
பதில் சொல்லவில்லை.
பலகைக்கு முன்னால் நின்று தொழுதார்கள்.

குப்பியாவத்தைவரை தோள் கொடுத்தவர்கள்
அவருடைய பழைய கூட்டாளிகள், நாட்டாமைகள்.
வீரமலையும் இருந்தான்.
அவன் தம்பியை லொட்ஜ் சுற்றிவளைப்பில்
பிடித்துக்கொண்டுபோய் அன்றைக்கு ஒன்பது நாள்.

தண்ணீர் மிஞ்சியது.
ஊற்ற மனம் வரவில்லை.
மறுநாள் மகனின் வெள்ளைச் சட்டையை அதில் அலசினேன்.
பாலர் பாடசாலை டீச்சர் கேட்டாராம்,
ஏன் பிள்ளையிடம் கற்பூர வாடை என்று.

இத்தா முடிந்து ஒரு வாரம்.
வீரமலை வந்தான், உட்காரவில்லை.
"அக்கா, தோளுக்கு எடை தெரியும்.
அம்பது கிலோன்னா அம்பதுதான், தராசு வேணாம்.
அன்னைக்கு நாங்க தூக்குனது...
பெட்டியைக் கழிச்சா
அரை மூட்டைகூட வராது."
சொல்லியிருக்கக் கூடாதோ என்று
வாசலைப் பார்த்துக் கேட்டான்.
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன்.
அவனும் கேட்கவில்லை.
அவன் தம்பியைப் பற்றி நானும் கேட்கவில்லை,
அது இன்றுவரை உறுத்துகிறது.

பென்ஷன் படிவத்தில் பதினான்கு கேள்விகள்.
மிச்சம் எங்கே என்று கேட்க
ஒரு கோடு இல்லை.

இப்போது அந்த அறையும் இல்லை.
உடைத்துவிட்டு, தெமட்டகொடையில்
பன்னிரண்டாம் மாடியில் வைத்திருக்கிறார்கள்.
ரயில் சத்தம் அவ்வளவு உயரத்துக்கு வராது,
அதனால் எப்போது பேச்சை நிறுத்துவது என்று தெரிவதில்லை.

நேற்றும் லிஃப்ட் பழுது.
படிக்கட்டில் மகன் ஏறி வருகிறான்,
இருபத்தாறு வயது,
இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இடது தோளில்,
தலையை வலப்பக்கம் சாய்த்து.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை அந்தச் சாய்வை.

நான் மேலே நின்று கத்தினேன்,
தோளில் வேண்டாம்,
இறக்கு,
இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வா.