சம்பந்தப்பட்டவர் வெளியே இருக்கவும்

ஐஸ் கம்பெனி மாடியில்தான் எங்கள் அறக்கட்டளை.
ஆறு நாற்காலி, ஒரு பீரோ,
பீரோவுக்குள் பாஸ்புக்.
இந்த வருஷம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
கடலுக்குப் போய் வரும்போதெல்லாம்
படகுக்கு இவ்வளவு என்று விட்டது,
தம்மாமிலிருந்து ஐந்நூறு ஐந்நூறாய் வந்தது,
பரோட்டாக் கடை உண்டியலில் கிடந்த
ஒட்டுப்போட்ட பத்து ரூபாயும் சேர்த்து.

விண்ணப்பம் பதினான்கு.
பதின்மூன்றாவது என் மதினியுடையது.

மதினி என்று தாளில் இல்லை.
நண்டு உடைக்கும் பெண்கள் நலச் சங்கம், தேவிபட்டினம்.
கீழே கையெழுத்து: ரெஜினாள்.
கையுறை நூற்றிருபது ஜோடி,
மருந்துப் பெட்டி நான்கு,
ஊசி போட வரும் நர்சுக்கு வண்டிச் சத்தம்.
ஆக நாற்பத்தெட்டாயிரம்.
தாளின் ஓரத்தில் பழுப்பாய் ஒரு கறை.
டீ என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தின ராத்திரி வீட்டில் உட்கார்ந்து
பென்சிலால் தொண்ணூற்றொன்று போட்டேன்.
பிறகு அழித்தேன்.
காலையில் டியூப் லைட் வெளிச்சத்தில்
சீனி நயினா அண்ணன் தாளைச் சாய்த்துப் பார்த்தார்.
"அழிச்ச இடம் மட்டும் பளபளங்குது தங்கச்சி" என்றார்.

விதி ஒன்பது:
சம்பந்தப்பட்டவர் வெளியே இருக்கவும்.
எழுதியது நானேதான்.
போன வருஷம் பூமிராஜன் சார்
மச்சானின் மன்றத்துக்குக் கை தூக்கியபோது
எழுந்து நின்று எழுதவைத்தது.
இப்போது அவர்தான் கதவைத் திறந்துவிட்டார்,
மரியாதையாக,
கொஞ்சம் அதிகமான மரியாதையாக.

படிக்கட்டில் நின்றேன்.
கச்சான் காற்று, கருவாட்டு நெடி,
கீழே லாரிக்குப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.
உள்ளே ஏலக்கூடத்துப் பெண்களின் கழிப்பறை பற்றிப் பேச்சு.
இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்
என்று யாரோ சொல்ல
ஐந்து ஆண்கள் சேர்ந்தாற்போல் இருமினார்கள்.

அடுத்தது முள்ளிமுனை வாலிபர் மன்றம்.
பிணம் வைக்கக் குளிர்ப்பெட்டி.
கடல் திருப்பித் தரும் உடம்பு காத்திருக்காதாம்.
'எங்கள் நிதி முடிந்த பிறகு இத்திட்டம் எவ்வாறு தொடரும்?'
என்ற கேள்விக்குப் பையன்கள் எழுதியிருந்தது:
சாவு தொடரும்.
உள்ளே சிரித்தார்கள்.
பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.

"பதின்மூணு" என்று குரல் கேட்டது.
அந்த நேரம் பார்த்துக் கீழே
ஐஸ் நொறுக்கும் மெஷினைப் போட்டுவிட்டார்கள்.
கைப்பிடிக் கம்பி நடுங்கியது.
ரெஜினாளின் பத்து விரலும்
அந்தச் சத்தத்துக்குள் போய்
எத்தனை விரலாய் வெளியே வந்தன, தெரியவில்லை.
மெஷின் நின்றபோது உள்ளே
டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

குளிர்ப்பெட்டி ஒன்று முப்பத்தைந்து.
கழிப்பறை ஒன்று அறுபது.
மிச்சம் பதினைந்தாயிரம்.
அரைகுறையாய் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது விதி நான்கு.
அதுவும் என் எழுத்துதான்.

உள்ளே நானாக இருந்திருந்தாலும்
இதைத்தான் சொல்லியிருப்பேனோ?
அந்தக் கேள்வியோடு மினிட் புத்தகத்தை இழுத்தேன்.
எழுத்து நன்றாக இருக்கும் என்று
எல்லாத் தீர்மானமும் என்னிடம்தான்.
பதில் கடிதத்துக்கு ஒரு மாதிரி உண்டு:
'தங்கள் பணி பாராட்டுக்குரியது, எனினும்.'
எனினும் வரை கை ஓடியது.

தபாலுக்கு ஏன் ஐந்து ரூபாய் என்று
நானே கொண்டுபோனேன்.
ரெஜினாள் நண்டுக் கூடையை நகர்த்தி வைத்து,
துணி சுற்றிய கட்டைவிரலை மடக்கிக்கொண்டு,
மற்ற விரல்களால் பிரித்துப் படித்தாள்.

"தொடர்ந்து நடக்குமாங்கறதுக்கு
எத்தனை மார்க்கு போட்டாக?"

"இருபதுக்கு ஆறு."

"பதினேழு வருஷமா உடைக்கிறோம்" என்றாள்.
"ஆறா?"

ஓடு ஒன்றை எடுத்துக் கத்தியை வைத்தாள்.
நான் செருப்பைத் தேடினேன்.
"உக்காரு, சாப்பிட்டுப் போ" என்றாள்,
தலையைத் தூக்காமல்.